செல்போன் சொல்லும் வழி - எவ்வளவு நம்பலாம்?



"இருநூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்..."

இந்தக் குரலைக் கேட்காதவர் இன்று நம்மில் யாரும் இருக்க முடியாது. எனக்குச் சொந்த ஊர் கே.ஜி.கண்டிகை. திருத்தணியிலிருந்து சோளிங்கர் போகிற சாலையில் இருக்கிறது. ஆடிக் கிருத்திகை வந்துவிட்டால் போதும், ஆந்திரா, கர்நாடகா நம்பர் வண்டிகள் வரிசையாக வரும். முன்பெல்லாம் டீக்கடை வாசலில் வண்டியை ஓரங்கட்டி, "அண்ணே, முருகன் கோயிலுக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்பார்கள். இப்போது கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு, போன் சொன்ன பக்கம் திரும்பிப் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

இதில் நமக்கு மூன்று கேள்விகள் வர வேண்டும். காசு வாங்காமல் வழி சொல்கிறதே, அந்தச் செலவை யார் ஏற்கிறார்கள்? நாம் நிற்கும் இடம் அதற்கு எப்படித் தெரிகிறது? அது சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம்? மூன்றாவது கேள்விதான் உயிர் சம்பந்தப்பட்டது. ஆனால் முதல் இரண்டுக்கும் விடை தெரியாமல் மூன்றாவதுக்குப் பதில் சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம், வாங்க.

இலவசம் ஆன கதை

ஒரு காலத்தில் காரில் வழி சொல்வதற்கென்றே தனிக் கருவி விற்றார்கள். கார்மின், டாம்டாம் என்ற கம்பெனிகள் அதில் பெயர் பெற்றவை. கருவிக்கு ஒரு விலை, புது வரைபடம் போட இன்னொரு விலை. செல்போனில் வரைபடம் பார்ப்பது இலவசமாக இருந்தபோதும், குரலில் வழி சொல்ல வேண்டுமென்றால் தனியாகக் காசு கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்தது.

2009 அக்டோபரில் கூகுள் நிறுவனம் அமெரிக்காவில் ஆண்ட்ராய்டு போனுக்குக் குரல்வழிகாட்டியை இலவசமாகத் தருவதாக அறிவித்தது. அந்தச் செய்தி வந்ததுமே கார்மின், டாம்டாம் பங்கு விலைகள் சரிந்தன. அடுத்து நோக்கியாவின் முறை. 2010 ஜனவரி 21 அன்று, தன் ஓவி மேப்ஸில் குரல்வழிகாட்டியை 74 நாடுகளுக்கு, 46 மொழிகளில், காசில்லாமல் திறந்துவிட்டது. வரைபடத்தைக் கம்ப்யூட்டர் வழியாக மெமரி கார்டில் ஏற்றிக்கொண்டால், வழியில் நெட் இல்லாவிட்டாலும் நோக்கியா போன் வழி சொல்லும். அந்தக் காலத்தில் இது பெரிய விஷயம்.

இதில் நம் வட்டாரத்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. நோக்கியாவின் மிகப் பெரிய தொழிற்சாலைகளில் ஒன்று நமக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கி, 2014 நவம்பர் வரை இயங்கியது. நம்மைப் போலப் படித்து முடித்த அண்ணன்களும் அக்காக்களும் ஆயிரக்கணக்கில் அங்கே ஷிப்டு பார்த்தார்கள். இலவச வழிகாட்டி உலகத்துக்கு வந்த நேரத்தில், போன்கள் தயாரான இடங்களில் ஒன்று நம் பஸ் போகிற தூரத்தில்தான் இருந்தது!

இந்தியாவில் கூகுளின் குரல்வழிகாட்டி 2012-ல் வந்தது. இரு சக்கர வண்டிக்கென்று தனி வழி 2017 டிசம்பரில் வந்தது. தமிழில் பேச ஆரம்பித்தது 2018 மார்ச்சில். இந்தியச் சாலைகளை 1995 முதலே டிஜிட்டல் வரைபடமாக்கி வரும் மேப்மைஇந்தியா நிறுவனமும் தன் பங்குக்கு ஒரு இலவசச் செயலி தருகிறது.

சரி, யார் காசு கொடுக்கிறார்கள்? பணமாக நாம் கொடுப்பதில்லை. தகவலாகக் கொடுக்கிறோம். நாம் எங்கே போகிறோம், எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்பது கம்பெனிக்குப் போகிறது. வழியில் எந்த ஓட்டல், எந்த பெட்ரோல் பங்க் என்று காட்டுவதில் விளம்பர வருமானமும் இருக்கிறது. ஓசியில் கிடைப்பதெல்லாம் ஓசி இல்லை என்பதை முதலில் மனதில் வையுங்கள்.

வானத்திலிருந்து வருவது வழி அல்ல, நேரம்!

நம்மில் பலர், "சேட்டிலைட் மேலே இருந்து நம்மைப் பார்க்கிறது, பார்த்து வழி சொல்கிறது" என்று நினைக்கிறோம். இது தவறு. ஜி.பி.எஸ். செயற்கைக்கோளுக்கு நாம் ஒருவர் இருப்பதே தெரியாது. வானொலி நிலையத்துக்கு நம் வீட்டு ரேடியோ தெரியுமா? அதே கதைதான். அது ஒலிபரப்பும், நாம் வாங்குவோம், அவ்வளவே.

என்ன ஒலிபரப்புகிறது? "நான் இன்ன செயற்கைக்கோள், இப்போது மணி இவ்வளவு, நான் இன்ன இடத்தில் இருக்கிறேன்." இவ்வளவுதான் செய்தி. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் தரையிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ரேடியோ அலை ஒரு வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகும். வகுத்துப் பாருங்கள். நேர் மேலே இருக்கும் செயற்கைக்கோளிலிருந்து சிக்னல் வந்து சேர சுமார் 0.067 வினாடி. கிளம்பிய நேரத்தையும் வந்து சேர்ந்த நேரத்தையும் கழித்து, வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைத்துவிடும். முதலாம் ஆண்டு கணக்குதான்!

ஒரு செயற்கைக்கோளிலிருந்து தூரம் தெரிந்தால் நாம் ஒரு பெரிய கோளத்தின் மேல் எங்கேயோ இருக்கிறோம் என்று அர்த்தம். மூன்று தூரம் தெரிந்தால் இடம் அகப்படும். பிறகு நான்காவது எதற்கு? நம் போனில் இருப்பது சாதாரணக் கடிகாரம். செயற்கைக்கோளில் இருப்பது அணுக் கடிகாரம். நேரத்தில் ஒரு மைக்ரோ வினாடி தப்பினால் தூரத்தில் 300 மீட்டர் தப்பும். நம் போன் கடிகாரத்தின் பிழையும் ஒரு தெரியாத எண் ஆகிவிடுகிறது. நாலு தெரியாத எண்களுக்கு நாலு சமன்பாடு வேண்டுமல்லவா? ஆகவே குறைந்தது நாலு செயற்கைக்கோள்.

சிவில் நண்பர்களுக்கு இது புதிதல்ல. 1802-ல் லாம்டன் என்ற அதிகாரி நம் சென்னை பரங்கிமலைப் பக்கம் சுமார் ஏழரை மைல் நீளத்துக்குச் சங்கிலி போட்டு ஓர் அடிக்கோட்டை அளந்தார். அதிலிருந்து கோணம் கோணமாக அளந்து இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் கட்டிப்போட்டார்கள். அவர்கள் கோணத்தை அளந்தார்கள், நம் போன் தூரத்தை அளக்கிறது. அவர்களுக்குப் பல பத்தாண்டுகள் ஆன வேலையில் நம் பங்கு ஒரு வினாடியில் முடிகிறது.

ஐன்ஸ்டீனும் இதில் இருக்கிறார். வேகமாகச் சுற்றுவதால் செயற்கைக்கோள் கடிகாரம் கொஞ்சம் மெதுவாகும், மேலே ஈர்ப்பு குறைவு என்பதால் அதைவிட அதிகமாக வேகமெடுக்கும்; இரண்டையும் சேர்த்தால் ஒரு நாளைக்குச் சுமார் 38 மைக்ரோ வினாடி வேகமாக ஓடும். அதைச் சரிக்கட்டாமல் விட்டால் ஒரே நாளில் பிழை 11 கிலோமீட்டருக்கு மேல் சேரும். திருத்தணி முருகனைத் தேடிப் போனால் ஆந்திராவில் ஏதோ வயல்வெளியில் நிற்க வேண்டியதுதான்!

இந்த சிக்னல் பொதுமக்களுக்குக் கிடைத்த கதை சோகமானது. ஜி.பி.எஸ். அமெரிக்க ராணுவத்தின் சொத்து. 1983 செப்டம்பர் 1 அன்று கொரியப் பயணிகள் விமானம் ஒன்று வழி விலகி சோவியத் வான்வெளிக்குள் போய்விட்டது. சுட்டு வீழ்த்தப்பட்டதில் 269 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் இந்த சிக்னலைப் பொதுமக்கள் பயன்படுத்த விடுவோம் என்று அமெரிக்க அரசு அறிவித்தது. அப்போதும் வேண்டுமென்றே கொஞ்சம் பிழையைக் கலந்தே கொடுத்தார்கள். 2000 மே மாதம்தான் அந்தக் கலப்படம் நின்றது. நம் இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. நாவிக் அமைப்பின் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று, பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. ரஷ்யா, ஐரோப்பா, சீனா ஆகியவற்றுக்கும் சொந்த அமைப்பு உண்டு. இன்றைய போன்கள் பலவற்றின் சிக்னலையும் சேர்த்தே வாங்குகின்றன.

ஆக, ஒரு முக்கிய விஷயம். இடம் தெரிய நெட் பேக் தேவையே இல்லை! "டேட்டா தீர்ந்துபோச்சு, ஜி.பி.எஸ். வேலை செய்யாது" என்று சொல்பவரிடம் இதைச் சொல்லுங்கள். டேட்டா வேண்டியது வரைபடம் இறக்கவும், நெரிசல் நிலவரம் அறியவும், முதல் தடவை இடத்தை விரைவாகப் பிடிக்கவும்தான்.

வழியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

இடம் தெரிந்தாயிற்று. இனி வழி. கம்ப்யூட்டருக்குச் சாலை என்பது தார் ரோடு இல்லை. சந்திப்புகள் எல்லாம் புள்ளிகள், சாலைகள் எல்லாம் கோடுகள், ஒவ்வொரு கோட்டின் மேலும் ஓர் எண். அந்த எண் தூரமாக இருக்கலாம், நேரமாக இருக்கலாம். புறப்படும் புள்ளியிலிருந்து சேரும் புள்ளிக்கு எண்களின் கூட்டுத்தொகை குறைவாக வரும் பாதை எது? இந்தக் கேள்விக்கு நெதர்லாந்து நாட்டு எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956-ல் விடை கண்டார். 1959-ல் அச்சில் வந்தது. ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, பேப்பரும் பென்சிலும் இல்லாமல், இருபதே நிமிடத்தில் யோசித்ததாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். இன்றைய வழிகாட்டிகளில் ஓடுவது அதன் வளர்ந்த வடிவங்கள்தான்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். கம்ப்யூட்டர் கூட்டிப் பார்ப்பது எண்ணை மட்டுமே. மெயின் ரோட்டில் போனால் 31 நிமிடம், ஊருக்குள் புகுந்து ஏரிக்கரை மேல் போனால் 30 நிமிடம் என்று வந்தால், சில நேரம் அது ஏரிக்கரையைக் காட்டும். ஒரு நிமிட லாபம் அதற்கு லாபம்தான். அந்தக் கரையில் எதிரே கரும்பு ஏற்றிய டிராக்டர் வந்தால் என்ன செய்வது என்ற கவலை அதற்கு இல்லை. அந்தக் கவலை எண்ணில் வராது.

நெரிசல் நிலவரம் எங்கிருந்து வருகிறது? சாலையில் போகும் மற்றவர்களின் போன்களிலிருந்து. நூறு போன்கள் ஒரே இடத்தில் ஊர்ந்தால் அந்தச் சாலை சிவப்பாகும். சென்னை அண்ணா சாலையில் இது நன்றாக வேலை செய்யும். கிராமத்துச் சாலையில் ராத்திரி ஒன்பது மணிக்கு எத்தனை போன் போகும்? கணக்குப் போட ஆளே இல்லாத இடத்தில் கணக்கு எப்படிச் சரியாக இருக்கும்? 2024-ல் கூகுள் நிறுவனம் நாற்பது நகரங்களில் மேம்பாலத்தைச் சொல்லும் வசதியையும், சென்னை, கோவை உள்ளிட்ட எட்டு நகரங்களில் குறுகலான சாலையைத் தவிர்க்கும் வசதியையும் கொண்டுவந்தது. நல்ல காரியம். ஆனால் பட்டியலில் இருந்தவை நகரங்கள்.

எங்கே காலை வாரும்?

மேலே சொன்னதைச் சுருக்கினால் இப்படி வரும். நாம் எங்கே இருக்கிறோம் என்பது போனுக்குத் தெரியும். சாலை எங்கே வரையப்பட்டிருக்கிறது என்பதும் தெரியும். அந்தச் சாலை இன்றைக்கு எப்படி இருக்கிறது என்பது பல நேரம் தெரியாது. இதுவரை நடந்த விபரீதங்கள் பலவும் இந்த மூன்றாவது இடத்தில்தான் நடந்திருக்கின்றன.

2023 அக்டோபர் 1, நள்ளிரவு கடந்த நேரம், கேரளாவில் கொச்சி அருகே கோதுருத்து. கொட்டுகிற மழை. காரில் வந்தவர்கள் வழிகாட்டியைப் பார்த்து வந்ததாகச் செய்திகள் கூறின. திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேரே போன கார் ஆற்றில் இறங்கியது. இரண்டு இளம் டாக்டர்கள் இறந்தார்கள்.

2024 நவம்பர், உத்தரப்பிரதேசம் பரேலி அருகே ராம்கங்கா ஆறு. பாலத்தின் ஒரு பகுதி முன்பே வெள்ளத்தில் போய்விட்டது. வரைபடத்தில் பாலம் முழுசாக இருந்தது. பாலத்தின் மேல் வேகமாக வந்த கார் அந்தரத்தில் பாய்ந்து விழுந்தது. மூன்று பேர் இறந்தார்கள். சாலையை மறித்துத் தடுப்பு வைக்காதது அதிகாரிகள் தவறு என்ற பேச்சு எழுந்தது. அது உண்மைதான். ஆனாலும் போன உயிர் போனதுதானே!

2024 ஜனவரி, நம் நீலகிரி கூடலூர். கர்நாடகாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த சுற்றுலாப் பயணிகளை வழிகாட்டி குறுக்குச் சந்தில் இறக்கிவிட்டது. சந்து முடிந்த இடத்தில் படிக்கட்டு! கார் படியில் நின்றுவிட்டது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போலீசாரும் ஊர்க்காரர்களும் சேர்ந்து வண்டியை மீட்டுக் கொடுத்தார்கள்.

இதெல்லாம் எங்கேயோ நடந்தது என்று விட்டுவிடாதீர்கள். நம் பள்ளிப்பட்டு பக்கம் கொசஸ்தலை ஆற்றில் தரைப்பாலங்கள் இருக்கின்றன. இங்கே மழையே இல்லாவிட்டாலும், ஆந்திராவில் அம்மபள்ளி அணையைத் திறந்துவிட்டால் இங்கே தண்ணீர் ஏறும். தரைப்பாலம் மூழ்கி ஊருக்கும் ஊருக்கும் தொடர்பு அறுந்தது பலமுறை நடந்திருக்கிறது. வரைபடத்தில் அது எப்போதும் ஒரே கோடுதான். தண்ணீர் முட்டளவா, இடுப்பளவா என்று போனைக் கேட்டால் சொல்லாது. கரையில் நிற்கிற பெரியவரைக் கேளுங்கள், சொல்லுவார்.

இன்னும் சில சின்னத் தொல்லைகள் உண்டு. பெயர்க் குழப்பம் முதலாவது. வெறும் "கண்டிகை" என்று அடித்தால், வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையில் இருக்கிற கண்டிகைக்கும் கூட்டிப்போகலாம். திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். எல்லையோரத்தில் ஒரே ஊருக்குத் தமிழில் ஒரு பெயர், தெலுங்கில் ஒரு பெயர், இங்கிலீஷில் நாலு ஸ்பெல்லிங். சாலை எண்ணிலும் இதே கதை. சென்னை - திருப்பதி நெடுஞ்சாலையைப் பெரியவர்கள் இன்றும் 205 என்பார்கள். இப்போதைய எண் 716. அடுத்தது பக்கத்துப் பக்கத்துச் சாலை. திறந்த வெளியிலேயே போனின் இடக்கணிப்பு சுமார் 5 மீட்டர் தப்பலாம். மெயின் ரோட்டுக்கும் சர்வீஸ் ரோட்டுக்கும் இடைவெளியே அவ்வளவுதான்! மேம்பாலத்தின் மேலே இருக்கிறோமா கீழே இருக்கிறோமா என்பதும் அதற்குத் தடுமாற்றம்தான்.

ஓட்டும்போது கண் எங்கே?

இனி இன்னொரு பக்கம். வழிகாட்டி சொல்வது நூற்றுக்கு நூறு சரி என்றே வைத்துக்கொள்வோம். அதைப் பார்க்கக் குனிகிற கண்ணின் கதி என்ன?

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு வினாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர். திரையை மூன்று வினாடி பார்த்தால் 50 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். அந்த 50 மீட்டருக்குள் ஒரு ஆடு, ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, விளக்கில்லாத ஒரு மாட்டு வண்டி, எது வேண்டுமானாலும் வரலாம். 2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. எங்கள் கே.ஜி.கண்டிகை ரோட்டிலேயே 2025 மார்ச் 7 அன்று அரசு பஸ்ஸும் லாரியும் மோதி உயிர்கள் போயின. அதற்கும் செல்போனுக்கும் சம்பந்தம் இருந்ததாக நான் சொல்லவில்லை. இரண்டு கண்ணையும் ரோட்டில் வைத்து ஓட்ட வேண்டிய சாலை அது என்பதற்காகச் சொல்கிறேன்.

குரல்வழிகாட்டியின் அருமையே இங்கேதான். அது காதுக்காகச் செய்யப்பட்டது. நாம்தான் அதைக் கண்ணுக்கு மாற்றிக்கொண்டு, குரலை அணைத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறோம்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தப்படி, வண்டி ஓட்டும்போது கையடக்கப் போனை வழி காட்டுவதற்கு மட்டுமே பயன்படுத்தலாம், அதுவும் ஓட்டுநரின் கவனம் சிதறாத முறையில். மீறிக் கையில் பிடித்துப் பேசினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவுப்படி அபாயகரமாக ஓட்டிய குற்றம். முதல் தடவைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு. முதலாம் ஆண்டு தம்பி தங்கைகள் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். பதினெட்டு வயது ஆகாமல் அப்பா பைக்கை எடுத்து ஏதாவது குற்றம் நடந்தால், 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. போன் எவ்வளவு நன்றாக வழி சொன்னாலும் லைசென்ஸ் தராது!

செய்ய வேண்டியவை

1. கிளம்பும் முன்பே, வண்டி நின்றிருக்கும்போதே, போக வேண்டிய இடத்தைப் போடுங்கள். ஊர்ப் பெயரோடு தாலுகா, மாவட்டம் சேர்த்து அடியுங்கள்.

2. முழு வழியையும் ஒரு தடவை விரலால் நகர்த்திப் பாருங்கள். ஆறு எங்கே குறுக்கிடுகிறது, மெயின் ரோட்டை விட்டு எங்கே விலகுகிறது என்று மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்தது.

3. வீட்டில் வைஃபை இருக்கும்போதே வட்டார வரைபடத்தை ஆஃப்லைனாக இறக்கி வையுங்கள். எல்லையோர மலைப் பக்கம் டவர் போனாலும் வழி நிற்காது. ஆனால் நெரிசல் நிலவரம் வராது என்பதை மறவாதீர்கள்.

4. குரலைத் தமிழுக்கு மாற்றி, சத்தத்தைக் கூட்டி வையுங்கள். நமக்கு யோசிக்காமல் புரிகிற மொழியில் கேட்டால் கவனம் சிதறாது.

5. காரில் என்றால் ஸ்டாண்டில் மாட்டுங்கள். மடியில், கையில் வேண்டாம். பைக்கில் என்றால் பின்னால் உட்கார்ந்திருப்பவர் பார்த்துச் சொல்வதே உத்தமம். இரண்டு காதிலும் இயர்போன் செருகினால் பின்னால் வரும் லாரி ஹாரன் கேட்காது. பைக் ஹேண்டிலில் மாட்டினால் எஞ்சின் அதிர்வு சில போன்களின் கேமராவைக் கெடுத்துவிடும் என்று ஆப்பிள் கம்பெனியே 2021-ல் எச்சரித்திருக்கிறது. மெக்கானிக்கல் நண்பர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

6. தனியாகப் போகிறீர்களா? ஒரு திருப்பம் தவறினால் தவறட்டும். நடு ரோட்டில் யூ டர்ன் போடாதீர்கள். போன் தானே வேறு வழி கணக்கிடும். சந்தேகம் வந்தால் ஓரமாக நிறுத்திப் பாருங்கள்.

7. குரல் ஒன்று சொல்லி, ரோட்டு போர்டு இன்னொன்று சொன்னால் போர்டை நம்புங்கள். போர்டு ஒன்று சொல்லி, கண் இன்னொன்று காட்டினால் கண்ணை நம்புங்கள்.

8. மழைக்காலத்தில், இரவில், தெரியாத ஊரில் குறுக்கு வழி வேண்டவே வேண்டாம். பத்து நிமிடம் கூடுதலானாலும் பஸ் போகிற சாலையில் போங்கள்.

9. விபத்தைப் பார்த்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். அப்போது போன் காட்டும் இடத்தோடு பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் இருக்கும் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் தேடி அலையாது.

நம்மால் என்ன முடியும்?

வரைபடத்தைக் குறை சொல்வதோடு நிறுத்தினால் நாம் டிப்ளமோ படித்து என்ன பிரயோஜனம்? 2004-ல் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்று ஒன்று இருக்கிறது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். 2015 சென்னை வெள்ளத்தின்போது மூழ்கிய தெருக்களை மக்களே குறித்தார்கள். அந்த வரைபடம் இதன் மேல்தான் கட்டப்பட்டது. பெரிய கம்பெனிகளின் வரைபடத்திலும் "இந்தச் சாலை மூடப்பட்டுள்ளது", "இது தவறு" என்று தெரிவிக்க இடம் இருக்கிறது.

நம் மாணவர் மன்றத்துக்கு ஒரு யோசனை சொல்கிறேன். திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை வட்டாரத்தில் நம் வகுப்புகளில் இல்லாத ஊரா? ஒவ்வொருவரும் தன் ஊர்த் தரைப்பாலம், குறுகலான மதகு, விளக்கில்லாத வளைவு, வண்டி போக முடியாத சந்து ஆகியவற்றைக் குறித்துக் கொடுத்தால், சிவில் துறை நண்பர்கள் அளந்து சரிபார்த்தால், கம்ப்யூட்டர் துறை நண்பர்கள் ஏற்றிவிட்டால், ஒரே செமஸ்டரில் முடியும். லேப் ரெக்கார்டில் எழுதி மூலையில் போடுகிற வேலை இல்லை இது. அடுத்த மழைக்கு முன் எங்கிருந்தோ வரும் ஒரு குடும்பத்தின் வண்டி தண்ணீருக்கு இந்தப் பக்கமே நிற்கும்.

இலவச வழிகாட்டி ஒரு நல்ல கருவி. நல்ல ஸ்பேனர் போல. ஸ்பேனர் போல்ட்டைத் திருப்பும், எந்த போல்ட்டை எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதைக் கைதான் தீர்மானிக்க வேண்டும். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்பது நம் ஊர்ப் பழமொழி. கையில் போன் இருந்தாலும் வாயை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். டீக்கடை அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டால் டேட்டா ஒன்றும் செலவாகாது!

பார்த்துப் போங்க நண்பர்களே, பத்திரமா வாங்க.



- மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை